சிகிச்சைச் செலவுக்கு இடைநிலை அளவு போதுமா?

மருத்துவப் புள்ளியியலாளராக நான் சரிபார்க்கும் ஆய்வறிக்கைகளில் ஒரு தவறு அடிக்கடி கண்ணில் படுகிறது. செலவுத் தரவு ஒருபக்கம் சாய்ந்திருக்கிறது என்று சொல்லி, சராசரியை விட்டுவிட்டு, வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்பான இடைநிலை அளவை வைத்தே இரண்டு சிகிச்சைகளை ஒப்பிட்டுவிடுகிறார்கள். வகுப்பில் படித்த விதி அதுதான். ஆனால் பணம் கட்டுகிறவருக்கு அது உதவாது. பத்து நோயாளிகளில் ஒன்பது பேருக்குத் தலைக்கு 20,000 ரூபாயும், தொற்று ஏற்பட்டு ஐசியூவில் பல நாள் இருந்த ஒருவருக்கு 6,00,000 ரூபாயும் ஆனதாக வைத்துக்கொள்வோம். இடைநிலை 20,000 ரூபாய், சராசரியோ 78,000. நூறு பேருக்கு நிதி ஒதுக்கும் காப்பீட்டுத் திட்டம் இடைநிலையை நம்பி 20 லட்சத்தை எடுத்துவைத்தால், கட்ட வேண்டிய பில் 78 லட்சமாக வந்து நிற்கும். அந்த ஒருவரை விதிவிலக்கு என்று தரவிலிருந்து நீக்குவது இதைவிட மோசம்.

அடுத்த சிக்கல் வகுத்தலில் இருக்கிறது. கூடுதல் செலவைக் கூடுதல் பலனால் வகுத்து, நல்ல உடல்நலத்தோடு வாழும் ஓராண்டுக்கு எவ்வளவு ஆகிறது என்று சொல்வதே வழக்கம். புதிய மருந்து 10,000 ரூபாயை மிச்சப்படுத்தி 0.1 ஆண்டைக் கூட்டினாலும், 10,000 ரூபாய் அதிகமாக வாங்கிக்கொண்டு 0.1 ஆண்டைக் குறைத்தாலும், விடை ஒன்றேதான்: கழித்தல் ஒரு லட்சம். ஆகவே, ஓராண்டுக்கு எவ்வளவு தரத் தயார் என்ற வரம்பைப் பலனால் பெருக்கி, அதிலிருந்து கூடுதல் செலவைக் கழித்து, நிகரப் பலனாகப் பார்ப்பதே என் வழக்கம்.

நிச்சயமின்மையை அளக்க பூட்ஸ்ட்ராப் முறை கைகொடுக்கிறது. இருக்கிற நோயாளிகளிலிருந்தே, எடுத்தவரைத் திரும்பப் போட்டு, ஆயிரம் முறை மாதிரி எடுக்கிறோம். ஒருவரை எடுக்கும்போது அவருடைய செலவையும் பலனையும் பிரிக்காமல் சேர்த்தே எடுக்க வேண்டும். ஆயிரத்தில் 640 முறை நிகரப் பலன் பூச்சியத்துக்கு மேல் வந்தால், அந்த வரம்பில் புதிய சிகிச்சை பணத்துக்கு ஏற்ற பலனைத் தரும் வாய்ப்பு ஏறத்தாழ 64 சதவீதம்.

வரம்பு நாட்டுக்கு நாடு மாறும். எந்தச் சிகிச்சைக்குப் பொதுப்பணத்தைச் செலவிடலாம் என்று பரிந்துரைக்கும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு நெடுங்காலம் 20,000 முதல் 30,000 பவுண்டு வரை வைத்திருந்தது. இந்தியாவில் 2017-இல் மத்திய சுகாதார ஆராய்ச்சித் துறையின்கீழ் தொடங்கிய மருத்துவத் தொழில்நுட்ப மதிப்பீட்டு அமைப்பின் ஆய்வுகள் பெரும்பாலும் தனிநபர் உள்நாட்டு உற்பத்தி மதிப்போடு ஒப்பிடுகின்றன. அதனால்தான் ஒரே வரம்புக்கு மட்டும் விடை சொல்லாமல், பல வரம்புகளுக்கும் அந்தச் சதவீதத்தைக் கணக்கிட்டு ஒரு வளைகோடாக வரைந்து தருகிறோம்.