ஃபார்வேர்டு செய்தவர்தான் மாட்டுவார், அட்மின் அல்ல

அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் போட்ட அரசியல் பதிவுக்காக போலீஸ் ஸ்டேஷனுக்கு அழைக்கப்படுகிறவர்கள் வக்கீலிடம் சொல்லும் முதல் வரி ஒன்றேதான்: "சார், நான் எழுதல. வந்ததை அப்படியே போட்டேன்." கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. இந்த ஒன்றையாவது இன்றோடு மறந்துவிடுங்கள்.

பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 353(2)-ஆவது பிரிவு மதம், சாதி, மொழி சார்ந்த பகையைத் தூண்டும் பொய்த் தகவலைப் பற்றியது. உருவாக்குபவர், வெளியிடுபவர், பரப்புபவர் மூவரும் அதில் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். தண்டனை மூன்று ஆண்டு வரை. உண்மை என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, கெட்ட நோக்கமில்லாமல் நல்லெண்ணத்தோடு பகிர்ந்தவருக்கு விலக்கு உண்டுதான். ஆனால் இரட்டை அம்புக்குறியோடு 'பலமுறை ஃபார்வேர்டு செய்யப்பட்டது' என்று வாட்ஸ்அப்பே எச்சரித்த படத்தை நம்பியதற்கு என்ன காரணம் சொல்வீர்கள்? கீழே 'ஃபார்வேர்டட் அஸ் ரிசீவ்டு' என்று எழுதுவது கவசம் ஆகாது. சரிபார்க்காமல் அனுப்பினேன் என்று நீங்களே எழுதிக் கொடுக்கும் வாக்குமூலம் அது.

பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்திய முகநூல் பதிவை 2018-இல் பகிர்ந்த நடிகர் எஸ்.வி.சேகர், அது வேறொருவர் எழுதியது என்றார்; பதிவை நீக்கினார், மன்னிப்பும் கேட்டார். ஒரு செய்தியைப் பகிர்வது அதை ஏற்று ஆமோதிப்பதற்குச் சமம் என்றது சென்னை உயர் நீதிமன்றம். 2024 பிப்ரவரியில் அவருக்கு ஒரு மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

அட்மின்களின் பயம் வேறு: உறுப்பினர் போட்டதற்குத் தாங்கள் மாட்டுவோமோ என்பது. உறுப்பினர் போட்டதற்கு அட்மின் என்பதாலேயே ஒருவர் குற்றவாளி ஆகமாட்டார். பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளையும், நமது மதுரைக் கிளையும் 2021-இலும், கேரள உயர் நீதிமன்றம் 2022-இலும் இதைச் சொல்லிவிட்டன. அட்மினும் சேர்ந்து திட்டமிட்டிருந்தால் கதை வேறு.

அப்படியென்றால் குரூப்பில் அரசியல் பேசலாமா? பேசலாம், தனி குரூப்பில். அரசியல் பேச்சை அடியோடு தடுப்பது எனக்கு உடன்பாடில்லை. வார்டு ரோடும் குப்பை வரியும் அரசியல்தானே. ஆனால் "தண்ணி லாரி காலை 7 மணிக்கு" என்ற செய்தி இரண்டு தலைவர்களின் மார்ஃபிங் படங்களுக்கு நடுவே புதைந்துபோகும் குரூப்பால் யாருக்கு என்ன பயன்? அசோசியேஷன் குரூப்பில் 'அட்மின் மட்டும் செய்தி அனுப்பலாம்' என்று அமைத்துவிடுங்கள். பேச்சுக்கான குரூப்பில் விருப்பமுள்ளவர்களை மட்டும், கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். அரசு ஊழியர்களைக் கேட்காமல் சேர்க்கவே கூடாது. அரசியல் சார்பு காட்டினால் அவர்களுக்கு நடத்தை விதிகளின்படி துறை நடவடிக்கை வரலாம். விதி ஒன்று போதும்: சொந்தக் கருத்தை எழுதலாம், ஃபார்வேர்டு கூடாது. பாதிச் சண்டை அதிலேயே நின்றுவிடும்.

மீறி ஒன்று வந்தால், அனுப்பிய எண்ணும் நேரமும் தெரியும்படி முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பிறகு அட்மின் அதை 'எல்லோருக்கும் நீக்கு' கொடுக்கலாம். "பாருங்க இந்த ஆளு என்ன போட்டிருக்கான்னு" என்று அதையே இன்னொரு குரூப்புக்கு அனுப்பாதீர்கள். அப்போது பரப்பியவர் நீங்கள்.

புகார் பதிவான பின் எதையும் அழிக்க வேண்டாம், போனை ரீசெட் செய்யவும் வேண்டாம். சாட்சியத்தை அழித்ததாக இன்னொரு குற்றச்சாட்டு சேரும். இத்தகைய வழக்குகளில் போலீஸார் பெரும்பாலும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 35(3)-இன் கீழ் ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் தர வேண்டும். அதை வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நோட்டீஸ் முறைப்படி கைக்கு வந்தால், வக்கீலைப் பார்த்துவிட்டு, குறித்த தேதியில் அந்த போனோடு நேரில் போங்கள்.