பார்னை இடித்தால் அனுமதியும் போகும்

இங்கிலாந்தின் கிராமப்புறத்தில் பழைய பண்ணைக் கொட்டகை, அதாவது பார்ன், ஒன்றை வாங்கி வீடாக்க நினைக்கிற நம்மவர்கள் பலர் என்னிடம் ஆலோசனைக்கு வருகிறார்கள். விற்பனை விளம்பரத்தில் ‘கிளாஸ் கியூ ஒப்புதல் உண்டு’ என்று பார்த்ததுமே மனத்துக்குள் வீட்டைக் கட்டி முடித்துவிடுகிறார்கள். கட்டட அனுமதி விஷயத்தில் வழிகாட்டும் பிளானிங் ஆலோசகராக நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: அந்த ஒப்புதல் நிற்கிற கட்டடத்தை வீடாக மாற்றுவதற்கு. அதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட அதில் இடமில்லை.

வயல் நடுவே தனி வீடு கட்ட கவுன்சில், அதாவது உள்ளாட்சி நிர்வாகம், எளிதில் விடாது. அதற்கு விலக்காக 2014இல் வந்த ஏற்பாடு, 2015ஆம் ஆண்டு ஆணையில் கிளாஸ் கியூ என்று இடம்பெற்றது. முழு பிளானிங் விண்ணப்பத்துக்குப் பதில் முன் ஒப்புதல் கேட்டால் போதும். கவுன்சில் 56 நாளில் முடிவு சொல்ல வேண்டும். 2024 மே 21 முதல் ஒரு பண்ணையில் 10 வீடுகள் வரை ஆக்கலாம். ஒரு வீடு 150 சதுர மீட்டரையும், எல்லாம் சேர்ந்து 1,000 சதுர மீட்டரையும் தாண்டக் கூடாது. தேசியப் பூங்காவுக்குள் இது செல்லாது. பாரம்பரியப் பட்டியலில் உள்ள கட்டடத்துக்கும் செல்லாது. சவாரிக் குதிரைகளைக் கட்டிவைக்கும் லாயமும், வீட்டுத் தோட்டத்து ஷெட்டும் விவசாயக் கட்டடமாகாது.

சரி, மாற்றுவது எங்கே முடிகிறது, புதிதாகக் கட்டுவது எங்கே தொடங்குகிறது? இதற்கு 2016இல் உயர்நீதிமன்றம் தீர்த்த ஹிப்பிட் வழக்கைத்தான் எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள். மூன்று பக்கம் பெரும்பாலும் திறந்து கிடந்த இரும்புச் சட்டக் கொட்டகை அது. சுவர்களை ஏறக்குறைய முழுவதும் புதிதாக எழுப்ப வேண்டியிருந்தது. கூரையும் ஜன்னலும் கதவும் வெளிச்சுவரும் மாற்ற விதியில் இடமுண்டு என்றாலும், மொத்தத்தில் இது புதுக்கட்டுமானம்தான் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால்தான் வாங்குவதற்கு முன்பே ஸ்ட்ரக்சரல் இன்ஜினியரைக் கூட்டிப்போகச் சொல்கிறேன். நிற்கிற சட்டமும் சுவரும் வீட்டைத் தாங்குமா என்பதை அவர் எழுதித்தர வேண்டும். 56 நாளில் பதில் வராவிட்டால் தானாக அனுமதி என்று சிலர் நம்புகிறார்கள். கட்டடம் விதிக்குள் வராவிட்டால் அந்த மௌனத்தால் ஒரு பயனும் இல்லை.

எனக்கு மிகவும் வேதனை தருவது, ஒப்புதல் கிடைத்த பிறகு நடப்பது. “இந்தச் சுவரை வைத்துக்கொண்டு வேலை செய்வதைவிட இடித்துக் கட்டினால் செலவு குறையும்” என்பார் பில்டர். கட்டுமானக் கணக்குப்படி அது சரியாகவே இருக்கலாம். ஆனால் சுவரும் சட்டமும் போனதும் மாற்றுவதற்கு அங்கே எதுவும் இல்லை, ஒப்புதலும் பயனற்றதாகிவிடும். கையில் மிஞ்சுவது வெறும் வயல். சேமிப்பையெல்லாம் போட்ட குடும்பங்கள் இப்படி நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

புதிதாகத்தான் கட்ட வேண்டும் என்றால் அதற்கும் முறையான வழி இருக்கிறது. கென்ட்டில் ஒரு பண்ணையில் பார்னையும் பங்களாவையும் எடுத்துவிட்டு நான்கு வீடுகள் கட்ட கவுன்சில் அனுமதித்தது. ‘இது கிடைக்காவிட்டால் கிளாஸ் கியூ மூலம் பார்னை வீடாக்கிக்கொள்ள முடியும்’ என்ற நிலையைக் கவுன்சில் கணக்கில் எடுத்தது சரியே என்று 2017இல் மேன்செல் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது. ஆகவே முதலில் கிளாஸ் கியூ ஒப்புதல், அதைக் காட்டி முழு பிளானிங் விண்ணப்பம், அது கைக்கு வந்து நிபந்தனைகளையும் முடித்த பிறகே இடிப்பு. இந்த வரிசை மாறினால் காட்டுவதற்கு ஆதாரமே இருக்காது.

ஒளித்துச் செய்துவிடலாம் என்று மட்டும் யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஹார்ட்ஃபோர்ட்ஷயரில் வைக்கோல் கொட்டகை என்று அனுமதி வாங்கி உள்ளே வீடு கட்டி நான்கு ஆண்டு வாழ்ந்தவருக்கு, 2011இல் உச்ச நீதிமன்றம் கதவை அடைத்தது. அனுமதியில்லாமல் கட்டிய வீட்டின் மீது கவுன்சில் நடவடிக்கை எடுக்கக்கூடிய காலம் அப்போது நான்கு ஆண்டு. அது, 2024 ஏப்ரல் 25க்குப் பிந்தைய மீறல்களுக்கு இங்கிலாந்தில் பத்து ஆண்டு ஆகிவிட்டது.

இன்னும் சில விஷயங்கள். ஒப்புதல் கிடைத்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வேலை முடிந்திருக்க வேண்டும். தொடங்கினால் மட்டும் போதாது. கிளாஸ் கியூவில் வீட்டோடு சேரும் நிலம் கட்டடத்தின் பரப்பைத் தாண்டக் கூடாது, பக்கத்து வயலில் புல்தரையும் ஊஞ்சலும் போடுவதும் மீறல்தான். அப்புறம் பார்னில் குடியிருக்கக்கூடிய வௌவால்கள். அவற்றுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. அந்தி நேரக் கணக்கெடுப்பு பெரும்பாலும் மே முதல் செப்டம்பர் வரைதான் நடக்கும், அதைத் தவறவிட்டால் அடுத்த கோடை வரை காத்திருக்க வேண்டியதுதான்.

வேலையின் நடுவே ஒரு சுவர் தானாகச் சரிந்தால் உடனே எல்லா வேலையையும் நிறுத்துங்கள். மீதி நிற்பதைப் புகைப்படம் எடுத்து, இன்ஜினியரையும் பிளானிங் ஆலோசகரையும் அன்றே கூப்பிடுங்கள். அவர்கள் கவுன்சிலிடம் எழுத்தில் பேசி முடிக்கும்வரை ஒரு செங்கல்லும் வைக்க வேண்டாம்.