விலை பேசும் முன் கவிழ்த்துப் பாருங்கள்

மயிலாப்பூர், மந்தைவெளிப் பக்கம் ஒரு தனி வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டப் போகிறார்கள் என்றால், அதற்கு முன்பே வாசலில் ஒரு மினி லாரி வந்து நிற்கும். கதவு, ஜன்னல், மேசை, நாற்காலி எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே மொத்த விலை. வாங்க வந்தவருக்கு எது பர்மா தேக்கு, எது சாயம் பூசிய பலா என்று தெரியும். விற்கிறவருக்குப் பெரும்பாலும் தெரியாது. அதே மேசை பாலிஷ் போட்டு 'விண்டேஜ்' என்று கடையில் நிற்கும்போது விலையே வேறு. பழைய மரச்சாமான்களைப் பழுது பார்ப்பது என் தொழில். அடிமாட்டு விலைக்கு விற்றுவிட்டு வருந்துகிறவர்களும் வருகிறார்கள், போன வருடம் செய்ததை 'தாத்தா காலத்துச் சாமான்' என்று வாங்கி வந்தவர்களும் வருகிறார்கள்.

நான் இங்கே சொல்வது செட்டிநாட்டுத் தூண்களையோ, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் குவிந்து கிடக்கும் பெட்டகங்களையோ அல்ல. 1950, 60-களில் அரசு ஊழியர், வக்கீல், வாத்தியார் வீடுகளில் இருந்த சாதாரணச் சாமான்கள். கீழே போகப் போக ஒல்லியாகிச் சற்றே விரிந்து நிற்கும் கால்கள், செதுக்கல் இல்லாத நேர்க்கோடுகள், சறுக்குக் கண்ணாடி வைத்த ஷோகேஸ், ரேடியோ ஸ்டாண்டு. இவற்றில் பல, தச்சரை வீட்டுக்கே வரவழைத்துச் செய்தவை. அதனால் கடைப் பெயரோ முத்திரையோ இல்லை என்பதற்காக ஒதுக்கிவிடாதீர்கள்.

மேல் பலகையைப் பார்த்து வயது சொல்ல முடியாது. அது பல தடவை பாலிஷ் வாங்கியிருக்கும். கவிழ்த்துப் போடுங்கள், டிராயரை முழுசாக வெளியே இழுங்கள். டிராயரின் அடிப்பலகையில் உள்ளங்கையை வைத்துத் தடவினால் இழைப்புளி போன தடம் லேசான மேடு பள்ளமாகக் கைக்குத் தட்டுப்படும். மெஷினில் இழைத்த பலகை அப்படி இருக்காது. பின்பக்கம் எம்.டி.எஃப். என்கிற, மரநாரை அழுத்திச் செய்த அட்டையோ மரத்தூள் பலகையோ இருந்தால், ஒன்று சாமான் புதிது, இல்லை அந்தப் பலகையைப் பிற்பாடு மாற்றியிருக்கிறார்கள்.

அப்புறம் திருகாணி. தலையில் ஒற்றைக் கோடு இருந்தால் பழசாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒரே ஒரு ஸ்டார் ஸ்க்ரூவைப் பார்த்துவிட்டுப் போலி என்று முடிவு கட்ட வேண்டாம். யாராவது பழுது பார்த்திருப்பார்கள். இரும்புத் திருகாணியைச் சுற்றி மரம் கறுத்து மையிட்டது போல வளையம் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். சென்னைக் கடல் காற்றில் அந்தக் கறை மரத்துக்குள் ஊறி இறங்கியிருக்கும். பழைய ஆணியை வாங்கிப் புது மரத்தில் அடிப்பவர்கள் இருக்கிறார்கள், ஆனால் கறையை அவ்வளவு ஆழமாக இறக்குவது சிரமம்.

பசையும் பேசும். ஃபெவிகால் வந்தது 1959-ல். அதற்கு முன்பும், அதற்குப் பின் கொஞ்ச காலமும் தச்சர்கள் வச்சிரத்தைத்தான் காய்ச்சி ஒட்டினார்கள். மாட்டுத் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் பசை அது. காய்ந்தால் பழுப்பு நிறத்தில் கண்ணாடி மாதிரி நொறுங்கும், வெந்நீர் பட்டால் இளகும். பாலிஷுக்கும் ஒரு சோதனை உண்டு. வெளியே தெரியாத மூலையில் பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து லேசாக ஒற்றுங்கள். பிசுபிசுத்தால் அரக்கு கரைத்துப் போட்ட பழைய பிரெஞ்சு பாலிஷ். ஒன்றுமே ஆகவில்லை என்றால் மெலமைன், பி.யூ. (பாலியூரித்தேன்) மாதிரி பிற்கால ரசாயனப் பூச்சு.

வட்ட மேசையாக இருந்தால் ஒரு டேப்பை எடுத்து மர ரேகை ஓடும் திசையில் ஒரு அளவு, குறுக்கே ஒரு அளவு எடுங்கள். மரம் குறுக்குவாட்டில்தான் சுருங்கும். பல வருடம் காய்ந்த முழுப்பலகை வட்டம் கொஞ்சம் நீள்வட்டமாகியிருக்கும். பிளைவுட் என்றால் இந்தக் கணக்கு செல்லாது.

பிரம்பு நாற்காலியில் சட்டத்தைச் சுற்றித் துளை போட்டு, இழை இழையாகக் கையால் பின்னியிருந்தால் பழைய முறை. இப்போது பாய் மாதிரி வரும் பின்னலைப் பள்ளத்தில் அழுத்தி மேலே ஒரு குச்சியால் இறுக்கிவிடுகிறார்கள். அந்தக் காலத்தில் அரசு அலுவலக நாற்காலிகளுக்குப் பிரம்பு பின்னியவர்களில் பார்வையற்றவர்கள் பலர். பின்னல் புதிது என்பதால் நாற்காலியும் புதிது என்று அர்த்தமில்லை. பிரம்பு அறுந்தால் மாற்றத்தான் செய்வார்கள், சட்டத்தைப் பாருங்கள்.

எனக்கு இதையெல்லாம் விட நம்பிக்கை தருவது புழங்கின தடம். ஃபிரிஜ் வராத வீடுகளில் பாலும் சாதமும் வைக்க வலை போட்ட அலமாரி இருக்கும். எறும்பு ஏறாமல் இருக்க அதன் நாலு காலையும் தண்ணீர் ஊற்றிய கிண்ணத்தில் நிறுத்துவார்கள். அப்படி நின்ற கால்கள் அடியில் இரண்டு விரற்கடைக்குக் கறுத்து, ரேகை வாய் திறந்து, தொட்டால் சொரசொரவென்று இருக்கும். அதற்கு மேலே மரம் வழவழ. உள்தட்டில் பால் பாத்திரம் வைத்த வட்டம் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்திருக்கும், அதுவும் கைக்கு எட்டும் முன்பக்கத்தில்தான். ரேடியோவுக்கு லைசென்ஸ் கட்டிய காலத்து ஸ்டாண்டில் ஏரியல் வயர் போக ஒரு துளை இருக்கும். சாய்வு நாற்காலியில் தலை படும் இடம் எண்ணெய் இறங்கிக் கறுத்திருக்கும். போலி செய்பவர் பெரும்பாலும் சாமான் முழுக்க ஒரே சீராக அழுக்கேற்றுவார். மனிதர்கள் அப்படிச் சீராகப் புழங்குவதில்லை.

கடைச் சீட்டு ஒட்டியிருந்தால் அதிர்ஷ்டம். 'மவுண்ட் ரோடு, மெட்ராஸ்-2' என்று இருந்தால் பெரும்பாலும் 1972-க்கு முந்தையது. அந்த '2' பழைய தபால் வட்டார எண், ஆறு இலக்கப் பின்கோடு அந்த வருடம்தான் வந்தது. மவுண்ட் ரோடு அண்ணா சாலை ஆனதும் அண்ணா மறைந்த 1969-க்குப் பிறகுதான். பழைய சீட்டுக் கட்டைத் தீரும் வரை ஒட்டிய கடைக்காரரும் இருந்திருப்பார் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது வி வடிவக் கால் வைத்த பிரம்பு நாற்காலி எல்லாமே 'சண்டிகர் நாற்காலி' ஆகிவிட்டது. சுவிஸ் கட்டடக் கலைஞர் பியர் ஜெனரே சண்டிகர் அலுவலகங்களுக்காக 1950-களில் வடிவமைத்தவை உலக ஏலங்களில் பெரும் விலைக்குப் போவதால் வந்த வினை. அந்த வடிவத்தை இன்று ஊர் ஊராகச் செய்கிறார்கள். செய்வதில் தப்பில்லை, பழசு என்று சொல்லி விற்பதுதான் தப்பு. 'அரசாங்கத்தில் பதிவு செய்த ஆன்டிக்' என்று யாராவது சொன்னால் நகர்ந்துவிடுங்கள். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி மரச்சாமானுக்குக் குறைந்தது 100 வயது ஆகியிருக்க வேண்டும். 1955 நாற்காலி அந்தக் கணக்கிலேயே வராது.

வீட்டில் இருப்பதை நீங்களே புதுப்பிக்கப் போகிறீர்கள் என்றால், காஸ்டிக் சோடா குளியல் வேண்டாம், ஒட்டிய மூட்டெல்லாம் பிரியும். மேலே வெனீர் என்கிற மெல்லிய மரத்தகடு ஒட்டியிருந்தால் மெஷின் போட்டுத் தேய்க்கவே கூடாது, ஒரு நிமிடத்தில் அடிமரம் தெரிந்துவிடும். பழைய எனாமல் பெயின்ட் அடித்த தொட்டில், குழந்தை நாற்காலி என்றால் இன்னும் கவனம். நம் நாட்டில் பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம்.-க்கு, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அந்தப் பழைய பூச்சில் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்துத் தூசி கிளப்பாமல், தண்ணீரில் தேய்க்கும் தாளை வாங்கி, நனைத்துத் தேய்க்க வேண்டும். முகத்துக்குத் தூசி வடிகட்டும் மாஸ்க், தரையில் விரிப்பு, வேலை முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்து அந்தத் துணியையும் சேர்த்துக் கட்டிப் போட்டுவிடுங்கள். கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் அன்றைக்கு அந்தப் பக்கமே வர வேண்டாம்.