டீ இறங்கிவிடும், யாபா இறங்காது

ரங்கூன் காளியம்மன் கோயில் பக்கத்து டீக்கடையில், மாண்டலே–மூசே பாதையில் இருபது வருடம் லாரி ஓட்டிய மாமா ஒருவர் யாபா மாத்திரையைப் பற்றிச் சொன்னார்: "அது ஸ்ட்ராங் டீ மாதிரிதான் தம்பி. தூக்கம் வராது, அவ்வளவுதான்."

முழுக்கத் தப்பு என்று சொல்ல முடியாது. மாத்திரையில் பெரும்பகுதி பொதுவாக டீயில் இருக்கிற அதே காஃபின்தான். மிச்சம் மெத்தாம்ஃபெட்டமின் என்ற போதை ஊக்கி. வில்லங்கம் அதில் இருக்கிறது.

காஃபின் ஏறக்குறைய 5 மணி நேரத்தில் உடம்பில் பாதியாகிவிடும். மெத்தாம்ஃபெட்டமினுக்கு 10 முதல் 12 மணி நேரம் வேண்டும். கல்லீரலில் சிஒய்பி2டி6 என்ற நொதி அதை மெதுவாக மாற்றுகிறது. மாறி வருவதில் ஒன்று ஆம்ஃபெட்டமின். அதுவும் ஊக்கிதான், போங்கள்! கணிசமான பங்கு மாறாமல் அப்படியே சிறுநீரில் போகிறது. இந்த நொதியின் வேகம் பரம்பரையைப் பொறுத்து ஆளுக்கு ஆள் வேறுபடும். மாலை 6 மணிக்கு விழுங்கினவருக்கு விடிந்தும் பாதி மிச்சம். அடுத்த ராத்திரி போடுவது அந்த மிச்சத்தின் மேல் ஏறுகிறது.

சரி, மூளையில் என்ன ஆகிறது? நரம்பு முனைக்குள் டோபமின் என்ற செய்தி கடத்தும் பொருள் சின்னச் சின்னப் பைகளில் அடைபட்டிருக்கும். தேவைக்குக் கொஞ்சம் வெளியே வரும். வேலை முடிந்ததும் ஒரு கடத்திப் புரதம் அதைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும். மெத்தாம்ஃபெட்டமினின் உருவம் டோபமினைப் போன்றது. அதனால் கடத்தி ஏமாந்து அதையும் உள்ளே விட்டுவிடுகிறது. உள்ளே போனது பைகளைக் காலி செய்கிறது, கடத்தியைத் தலைகீழாக ஓடவைக்கிறது. வெளியே கொட்டுகிற டோபமின்தான் அந்த உற்சாகம்.

எல்லாமே வெளியே போய்விடுவதில்லை. பேட்டரிக்குள் இருக்கும்வரை ஆசிட்டால் லாரி ஓடும். கசிந்தால் தகரத்தைத் தின்னும். பையை விட்டுக் கசிந்த டோபமினும் அப்படித்தான். ஆக்சிஜனோடு சேர்ந்து குயினோன், ஃப்ரீ ராடிக்கல் என்ற அரிக்கும் பொருள்களாக மாறி, நரம்பு முனையையும் அதற்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவையும் அரிக்கிறது. உடம்புச் சூடு ஏறினால் சேதம் கூடும். இந்த மருந்தோ சூட்டையும் ஏற்றும். ஆக, அரிப்பதில் பெரும்பங்கு நம் சொந்தச் சரக்கு.

நரம்புச் செல்லின் உடல் பெரும்பாலும் தப்பிக்கிறது, கருகுவது முனைகள். அதனால் ஓரளவு மீட்சி உண்டு. மூளை ஆய்வாளர் நோரா வோல்கோவ் குழு 2001இல் வெளியிட்ட ஸ்கேன் ஆய்வில், மெத்தாம்ஃபெட்டமினை ஒரு வருடத்துக்கு மேல் விட்டிருந்தவர்களின் மூளையில் டோபமின் கடத்திகள் கூடியிருந்தன. ஆனால் நினைவுச் சோதனைகளிலும் கைவேகச் சோதனைகளிலும் அந்த அளவுக்கு முன்னேற்றம் இல்லை.

மாமாவிடம் இதைச் சொன்னேன். டம்ளரைக் கீழே வைத்தார். "அப்போ ஊர்ப் பேரெல்லாம் மறக்கிறது வயசால இல்லையா?"

வயசாகவும் இருக்கலாம் என்றேன்.