தந்தத்தைக் கழுவாதீர்கள்

இப்படிக் கழுவிவிட்டுக் கொண்டுவருவது இந்த வருடம் இது மூன்றாவது. பாரிஸில் பழைய தந்த வேலைப்பாடுகளைச் சீர்செய்யும் எங்கள் பட்டறைக்கு வந்த ஒரு பெண்மணி, கைப்பையிலிருந்து ஒரு தந்தப் பலகையை எடுத்து மேசைமேல் வைத்தார். கீலில் மடங்கும் இரட்டைப் பலகை, மூடினால் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். 14-ஆம் நூற்றாண்டு வேலை. ஒரு பக்கம் மாதாவும் குழந்தை இயேசுவும், மறுபக்கம் சிலுவைக் காட்சி. “பாட்டியுடையது. பழுப்பேறிக் கிடந்தது, பற்பசை போட்டுத் தேய்த்தேன், பளிச்சென்று ஆகிவிட்டது” என்றார், சந்தோஷமாக.

லென்ஸ் வைத்துப் பார்த்தேன். மாதாவின் மேலாடை மடிப்புக்குள் கடுகளவு நீலம் ஒட்டிக்கொண்டிருந்தது. கீல் பக்கம் முடி மாதிரி ஒரு விரிசல், புதுசு.

தந்தம் என்றால் வெள்ளை என்று யார் சொன்னது? இந்தப் பலகைகளைச் செதுக்கியவர்கள் அவற்றை வெறும் வெள்ளையாக விட்டுவிடவில்லை. தலைமுடிக்கும் ஆடைக்கரைக்கும் பொன் பூசினார்கள், மேலாடையின் உள்பக்கத்துக்கு நீலம் தீட்டினார்கள், உதட்டுக்குச் சிவப்பு வைத்தார்கள். லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கும் சாந்த்-சப்பெல் மாதாவை, அந்தப் பெயருள்ள பாரிஸ் தேவாலயத்தின் தந்தச் சிலையை, போய்ப் பாருங்கள். 1250–1270 காலத்தது, உயரம் 41 சென்டிமீட்டர், பொன்பூச்சின் தடம் இன்றும் தெரிகிறது. நீங்கள் அழுக்கு என்று தேய்க்கும் இடத்தில் இருப்பது பல நேரம் அந்த வண்ணத்தின் மிச்சம்தான். அது தண்ணீரிலேயே பிடிப்பு விட்டுவிடும், பற்பசை எதற்கு?

மஞ்சளும் அழுக்கில்லை. தந்தம் இருட்டில் மஞ்சளாகும், வெளிச்சத்தில் வெளிறும். மூடியே வைத்திருந்த பலகை மஞ்சளாகத்தான் இருக்கும். சில பலகைகளில் மாதாவின் முகம் மட்டும் மழுங்கியிருக்கும். செபிக்கும்போது தொட்டும் முத்தமிட்டும் தேய்ந்த முகம் அது. அதைக் கூர்தீட்டித் தரச் சொல்லிக் கேட்பவர்களும் இருக்கிறார்கள். நான் அதைச் செய்ய மாட்டேன்.

சரி, வீட்டில் இருந்தால் என்ன செய்வது? தண்ணீர், சோப்பு, எலுமிச்சை, ப்ளீச் எதுவும் வேண்டாம். எண்ணெயும் வேண்டாம், உள்ளே இறங்கினால் எங்களாலும் முழுதாக எடுக்க முடியாது. ஹீட்டர் பக்கத்திலோ ஜன்னல் வெயிலிலோ வைக்காதீர்கள், ஈரப்பதம் ஏறி இறங்கினால் பிளக்கும். வண்ணம் உதிராத இடத்தில் மட்டும் மென்மையான காய்ந்த பிரஷ்ஷால் தூசி தட்டலாம். விரிசல் விட்டால் பசை போட்டு ஒட்டாதீர்கள். பழைய பசையைக் கழற்றுவதிலேயே எங்கள் பாதி நாள் போகிறது. கீல் இறுகியிருந்தால் நெம்பாதீர்கள்.

அப்புறம், தயவுசெய்து, அழுக்கோடேயே கொண்டுவாருங்கள். தூசியைக் கண்டு நாங்கள் முகம் சுளிக்க மாட்டோம். அந்த அம்மாவின் பலகையில் மிஞ்சியிருக்கும் நீலத்தை இப்போது தூரிகை நுனியால் ஒட்டிக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன்.