நான்கு டிகிரி

இங்கிலாந்துக் கிராமத்து வீட்டின் பின்தோட்டத்தில் டிசம்பர் நடுவில் மாலை நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். புல்தரை நனைந்து கிடக்கும். ஓரத்து உயிர்வேலியில் முக்கால்வாசி இலை உதிர்ந்திருக்கும். மூலையில் மண்வெட்டியும் பூந்தொட்டிகளும் போட்டுவைக்கும் மரக்கொட்டகை, அதன் பக்கத்தில் கட்டில் அளவுக்கு ஒரு சின்னக் குளம். ஜன்னலுக்கு உள்ளே ரேடியேட்டரை ஒட்டிப் பூனை சுருண்டிருக்கும். வெளியே ஓர் அசைவும் இருக்காது. முதல்முறை பார்க்கிறவர்களுக்குத் தோட்டமே செத்துவிட்டது என்றுதான் தோன்றும்.

உண்மையில் அது செலவைக் குறைத்துக்கொண்டிருக்கிறது. இந்த மாதிரி இடங்களில் குளிர் தாக்கிச் சாகும் உயிர்களைவிட, குளிரைச் சமாளிக்கத் தீனி போதாமல் சாகும் உயிர்களே அதிகம். இலையுதிர் காலத்தில் உடம்பில் சேர்த்த கொழுப்பு மார்ச் மாதம்வரை வருமா வராதா என்பதுதான் கேள்வி. இந்தக் கணக்கில் திரும்பத் திரும்ப ஓர் எண் வந்து நிற்பதுதான் எனக்கு வேடிக்கையாக இருக்கிறது: 4 டிகிரி செல்சியஸ். நம் வீட்டு ஃபிரிட்ஜுக்குள் இருக்கும் அதே குளிர்.

வேலியடியில் குவிந்திருக்கும் இலைகளில் தொடங்கலாம். அதற்குள் ஒரு முள்ளெலி படுத்திருக்கிறது. முள்ளம்பன்றியோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது நீள முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு நிற்கும் பெரிய கொறிவிலங்கு. முள்ளெலி இரண்டு கைக்குள் அடங்கிவிடும். புழுவும் வண்டும் தின்னும். தொட்டால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக் காடுகரைகளிலும் இதன் தூரத்துச் சொந்தம் ஒன்று உண்டு.

பிரிட்டனில் முறையாகக் குளிர்கால உறக்கம் கொள்ளும் பாலூட்டிகள் மூன்றே வகை: முள்ளெலி, வௌவால், டார்மவுஸ் என்கிற குட்டிக் கொறிவிலங்கு. அணில்கூட அந்தக் கணக்கில் வராது. அது புதைத்துவைத்த ஓக் கொட்டைகளைத் தோண்டித் தின்றபடி குளிர்காலம் முழுக்க ஓடிக்கொண்டுதான் இருக்கும். முள்ளெலி நவம்பர் வாக்கில் படுத்தால் மார்ச், ஏப்ரலில்தான் எழும். விழித்திருக்கும்போது நிமிடத்துக்குச் சுமார் 190 தடவை அடிக்கும் அதன் இதயம் 20 தடவைக்கு இறங்கிவிடும். மூச்சு நெடுநேரம் நின்று, சில தடவை வாங்கி, மறுபடி நிற்கும். 35 டிகிரியில் இருந்த உடம்பு, சுற்றியுள்ள காற்றின் குளிருக்கே இறங்கிவிடும்.

இதை உறக்கம் என்று சொல்வதும் ஒரு வசதிக்காகத்தான். குளிர்காலத்தை இதே முறையில் கடக்கும் தரை அணில்களின் மூளை அலைகளைப் பதிவுசெய்து பார்த்திருக்கிறார்கள். இடையிடையே உடம்பைச் சூடாக்கிக்கொண்டு எழும் அணில் உடனே செய்கிற காரியம், தூங்குவது. ராத்திரி முழுக்கக் கண்விழித்தவர் விடிந்ததும் அடித்துப்போட்டதுபோல் தூங்குவாரே, அந்த மாதிரித் தூக்கம். அத்தனை நாள் அசையாமல் கிடந்தது தூக்கக் கணக்கில் வரவில்லை என்று அர்த்தம்.

சரி, 4 டிகிரி எங்கே வருகிறது? உடம்புக்குள் நடப்பது வேதிவினைகள். வெப்பம் 10 டிகிரி கூடினால் அவற்றின் வேகம் இரண்டு மூன்று மடங்காகும். எனவே உடம்பு எவ்வளவு குளிர்ந்திருக்கிறதோ அவ்வளவு கொழுப்பு மிச்சம். ஆனால் எல்லையில்லாமல் குளிர விட முடியாது. பூச்சியத்துக்குக் கீழே போனால் ரத்தம் உறைந்து திசுக்கள் கிழியும். அதனால் கூட்டின் வெப்பநிலை 4 டிகிரிக்குக் கீழே இறங்க இறங்க, முள்ளெலி உறங்கிக்கொண்டே கொழுப்பை எரித்துத் தன்னைக் காத்துக்கொள்ளத் தொடங்கும். 4 டிகிரிக்கு மேலே போனால் வேதிவினைகள் தாமாகவே முடுக்கிக்கொண்டு கொழுப்பைக் கரைக்கும். செலவைக் கோடாக வரைந்தால் இரண்டு பக்கமும் மேடு, நடுவில் பள்ளம். அந்தப் பள்ளத்தில் படுப்பதுதான் மலிவு.

அந்தப் பள்ளத்தைப் பிடித்துவைக்கத்தான் இலைக்கூடு. முள்ளெலி காய்ந்த இலைகளை வாயில் கவ்விக் கவ்விக் கொண்டுவந்து புதரடியில் குவிக்கும். பிறகு குவியலுக்குள் புகுந்து சுற்றிச் சுற்றித் திரும்பும். முள் வாரிவிட்டதில் இலைகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தட்டையாகப் படிந்து, பழைய நோட்டுப் புத்தகத்தின் பக்கங்கள்போல் இறுகிவிடும். மழை உள்ளே இறங்காது. வெளியே பனி கொட்டினாலும் வெயில் அடித்தாலும் உள்ளே மாற்றம் மெதுவாகத்தான் வரும். மத்திய இங்கிலாந்தின் வெப்பநிலையை 1659 முதல் தொடர்ச்சியாகக் குறித்துவைத்திருக்கிறார்கள். உலகிலேயே நீளமான கருவிப் பதிவு அது. அதன்படி ஜனவரி மாதத்துச் சராசரி இப்போதெல்லாம் 4 டிகிரிக்கும் 5 டிகிரிக்கும் இடையிலேயே இருக்கிறது. இந்த மண்ணின் குளிருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருக்கிறது முள்ளெலியின் உடம்பு.

கூட்டுக்குள்ளும் அது ஒரேயடியாகக் கிடப்பதில்லை. ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை எழும். தோள்பட்டையைச் சுற்றி அதற்குப் பழுப்புக் கொழுப்பு என்று தனியாக ஒரு சேமிப்பு உண்டு. சாதாரணக் கொழுப்பை எரித்தால் கிடைக்கும் ஆற்றலை உயிரணுக்கள் வேலைக்குப் பயன்படுத்தும். பழுப்புக் கொழுப்பின் உயிரணுக்களிலோ ஒரு புரதம் அந்த ஆற்றலை வேண்டுமென்றே ஒழுகவிட்டு முழுவதையும் சூடாக மாற்றிவிடும். சில மணி நேரத்தில் உடம்பு 35 டிகிரிக்கு ஏறிவிடும். செலவு பயங்கரம். குளிர்காலச் சேமிப்பில் பெரும்பங்கு, படுத்திருந்த வாரங்களில் போவதில்லை, இப்படி எழுந்த சில மணி நேரங்களில்தான் போகிறது.

ஆகவே முள்ளெலிக்கு இதமான குளிர்காலம் நல்ல செய்தி இல்லை. 2015 டிசம்பரில் மத்திய இங்கிலாந்தின் சராசரி 9.7 டிகிரி. அந்த நெடும்பதிவில் அவ்வளவு சூடான டிசம்பர் வேறில்லை. மனிதர்கள் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு மகிழ்ந்த அதே வாரங்களில், கூட்டுக்குள் கொழுப்பு வேகமாகக் கரைந்திருக்கும். எழுந்து வெளியே வந்தாலும் தின்ன வண்டு, புழு அதிகம் அகப்படாது. குளிர்காலம் முடிவதற்குள் எடையில் மூன்றில் ஒரு பங்கு போவது சாதாரணம். அதனால்தான் இலையுதிர் காலத்தின் கடைசியில் பிறந்த, அரைக்கிலோவைக்கூட எட்டாத குட்டிகள் பலவும் வசந்தத்தைப் பார்ப்பதில்லை.

தோட்டக்காரர்கள் நல்ல எண்ணத்தில் செய்கிற காரியங்களையும் இந்தக் கணக்கோடு வைத்துப் பார்க்க வேண்டும். நவம்பர் 5ஆம் தேதி இங்கே ஊர்தோறும் தீ மூட்டி வாணம் விடுவார்கள். 1605இல் நாடாளுமன்றத்தைத் தகர்க்க நடந்த சதி முறிந்ததன் நினைவு. நம் கார்த்திகைச் சொக்கப்பனை மாதிரி, ஆனால் சுள்ளியும் சருகும் நாட்கணக்கில் முன்னதாகவே குவிந்துவிடும். முள்ளெலி வீடு தேடும் பருவமும் அதுதான். யாரோ தனக்காகக் கட்டிவைத்த மாளிகை என்று அது உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளும். கொளுத்துகிற அன்று குவியலை வேறிடத்துக்கு மாற்றி அடுக்கிவிட்டுக் கொளுத்தினால் போதும். கிண்ணத்தில் பாலும் ரொட்டியும் வைப்பது இன்னொரு பழைய அன்பு. முள்ளெலிக்குப் பால் செரிக்காது, வயிற்றுப்போக்கில் இருக்கிற சேமிப்பும் போய்விடும். தண்ணீரும் கொஞ்சம் பூனைத்தீனியும் வைத்தால் நல்லது. பூனைத்தீனி என்றால் வீட்டுப் பூனை விடுமா? ஒரு பெட்டியில் 13 சென்டிமீட்டர் சதுரத்துக்கு வாசல் வெட்டி உள்ளே தள்ளி வைப்பார்கள். முள்ளெலி நுழையும், கொழுத்த பூனை நுழையாது. ஒல்லிப் பூனையைப் பற்றி நான் உத்தரவாதம் தர மாட்டேன்.

குளத்திலும் அதே எண், ஆனால் காரணம் வேறு. பெரும்பாலான திரவங்கள் குளிரக் குளிர அடர்த்தியாகும். தண்ணீர் மட்டும் 4 டிகிரிவரை அப்படிச் செய்துவிட்டு, அதற்குக் கீழே மறுபடி விரியத் தொடங்கும். எனவே 4 டிகிரித் தண்ணீர்தான் இருப்பதிலேயே கனமானது, அது அடியில் போய்த் தங்கும். அதைவிடக் குளிர்ந்தது மேலே மிதந்து, பனிக்கட்டியாகி, மூடிபோல் கவிந்துகொள்ளும். கொஞ்சம் ஆழமான குளமாக இருந்தால், மேலே கல்லாக உறைந்திருக்கும்போதும் அடிச்சேற்றில் தவளை உயிரோடு கிடக்கும். நுரையீரல் வேலை செய்யாது. தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனைத் தோல் வழியாகவே உறிஞ்சிக்கொள்ளும்.

ஆபத்து வருவது பனிக்கட்டியின்மேல் வெண்பனி விழுந்து படியும்போது. வெளிச்சம் உள்ளே போகாது. நீர்ச்செடிகள் ஆக்சிஜன் தருவதை நிறுத்திவிடும். அடியில் அழுகும் இலைகளோ இருக்கிற ஆக்சிஜனையும் தின்று, கெட்ட வாயுவைக் கிளப்பும். மூடி இறுகியிருப்பதால் அது வெளியே போக வழியில்லை. பனி உருகியதும் தவளைகள் செத்து மிதக்கும். 2010 டிசம்பர் மாதிரி, சராசரியே பூச்சியத்துக்குக் கீழே போன மாதங்களில் இது நடக்கும். கட்டியைச் சுத்தியலால் உடைக்கக் கூடாது, அதிர்ச்சி நீரில் பரவி உள்ளே இருப்பவற்றைத் தாக்கும். கொதிநீர் நிறைந்த பாத்திரத்தைக் கட்டியின்மேல் உட்காரவைத்தால் அது தானாக ஒரு வட்டத்தை உருக்கிக்கொள்ளும். பனியைத் துடைப்பத்தால் தள்ளிவிட்டால் வெளிச்சமும் இறங்கும்.

உறையாமல் இருக்கட்டும் என்று சிலர் நீரூற்றுத் தொட்டியில் காருக்கு ஊற்றும் ஆன்டிஃப்ரீஸைக் கலந்துவிடுகிறார்கள். இதைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். குளிர்காலம் கடக்கும் பல பூச்சிகள் தங்கள் உடலிலேயே கிளிசரால் தயாரித்து, உடல்நீர் உறையாமல் காத்துக்கொள்கின்றன. ஆன்டிஃப்ரீஸில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் அந்தக் கிளிசராலின் தம்பி மாதிரி. கிளிசராலில் மூன்று கார்பன் அணுக்கள், இதில் இரண்டு. இரண்டுமே இனிக்கும். கிளிசராலை நாம் கேக்கில் சேர்த்துத் தின்கிறோம். தம்பியைப் பூனையின் ஈரல் ஆக்சாலிக் அமிலமாக மாற்றிவிடும். அது கால்சியத்தோடு சேர்ந்து ஊசி ஊசியான படிகங்களாகிச் சிறுநீரகத்தை அடைத்துவிடும். ஒரு தேக்கரண்டி அளவே பூனைக்கு எமன்.

இனிப்புக்கு ஆசைப்பட்டுப் பூனை குடித்துவிடும் என்று பலர் சொல்லக் கேட்கலாம். அது தப்பு. இனிப்பை உணரத் தேவையான இரண்டு மரபணுக்களில் ஒன்று பூனை இனத்தில் பழுதுபட்டுவிட்டது. பூனைக்கு இனிப்பு என்பதே தெரியாது. தொட்டியில் தண்ணீர் இருக்கிறதே என்று குடிக்கிறது, அல்லது பாதத்தில் ஒட்டியதை நக்குகிறது. மருத்துவமும் விசித்திரமானது. ஈரலில் இந்த மாற்றத்தைத் தொடங்கிவைக்கும் நொதி, சாராயத்தைக் கண்டால் முதலில் அதைக் கவனிக்கப் போய்விடும். அதனால் கால்நடை மருத்துவர்கள் பூனைக்கு எத்தனால் என்கிற அந்தச் சாராயத்தை ரத்தநாளம் வழியாக ஏற்றுகிறார்கள். அவசரத்துக்கு வோட்காவை எடுத்தவர்களும் உண்டு. குடித்த சில மணி நேரத்துக்குள் கொண்டுபோனால்தான் பலன்.

பூச்சிகள் என்றதும் கொட்டகை நினைவுக்கு வருகிறது. இறகில் மயில் கண் போன்ற புள்ளிகள் உள்ள பீகாக் வண்ணத்துப்பூச்சி கொட்டகையின் இருட்டில் இறகை மூடித் தொங்கும், கருகிய இலை மாதிரி. சில தவறிப்போய் வீட்டுக்குள் வந்து திரைச்சீலை மடிப்பில் ஒட்டிக்கொள்ளும். கிறிஸ்துமஸ் வாரத்தில் ஹீட்டரை ஏற்றியதும் வசந்தம் வந்துவிட்டது என்று விழித்து, கண்ணாடியில் முட்டும். வெளியே ஒரு பூவும் கிடையாது. அட்டைப்பெட்டியில் வைத்துக் குளிர்ந்த இடத்தில் அமைதிப்படுத்தி, கொட்டகையில் கொண்டுபோய் விடுவதுதான் வழி. பம்பிள்பீ என்கிற கொழுத்த தேனீயின் ராணிகள் இந்த விஷயத்தில் கெட்டிக்காரிகள். வடக்கு பார்த்த மேட்டில் குழி தோண்டிப் படுக்கின்றன. அந்தப் பக்கம் குளிர்கால வெயில் படாது, பொய்யான வசந்தம் எழுப்பாது.

உறங்க முடியாதவற்றின் பாடு வேறு. பட்டாணிக்குருவி 18 கிராம்தான். பதினாறு மணி நேர இரவைத் தாண்டப் பகலில் கொழுப்பு சேர்த்தே ஆக வேண்டும். நிறைய சேர்த்துக்கொள்ளலாமே என்றால், கனத்த குருவி மெதுவாகத்தான் எழும்பும், வல்லூறு பிடித்துவிடும். ஆக்ஸ்ஃபோர்டு அருகே வைதம் காட்டில் இது தெளிவாகத் தெரிந்தது. பூச்சிக்கொல்லியால் வல்லூறு இனம் அங்கே அற்றுப்போன ஆண்டுகளில் பட்டாணிக்குருவிகளின் எடை கூடியது. அது திரும்பி வந்ததும் குறைந்தது.

மூஞ்சூறு செய்வது இதையெல்லாம் தாண்டியது. காலையில் கதவைத் திறந்தால் மிதியடியில் பூனை ஒன்றைப் போட்டுவைத்திருக்கும். விரல் நீளம், நீண்ட மூக்கு, பட்டு மாதிரி ரோமம். கொன்றிருக்கும், தின்றிருக்காது. விலாவிலுள்ள சுரப்பியின் நாற்றம் பூனைக்குப் பிடிக்காது. நம் ஊர் மூஞ்சூறை மோந்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. இந்த ஐரோப்பிய மூஞ்சூறு தினமும் தன் எடைக்குக் கிட்டத்தட்டச் சமமாகத் தின்ன வேண்டும். இரண்டு மூன்று மணி நேரம் பட்டினி கிடந்தாலே உயிருக்கு ஆபத்து. உறங்கிக் கழிக்க அதற்குக் கொடுப்பினை இல்லை. அதனால் அது தன்னையே சிறிதாக்கிக்கொள்கிறது.

குளிர்காலத்து மூஞ்சூறுகளின் மண்டையோடு கோடைகாலத்தைவிடச் சிறியது என்று போலந்து விலங்கியலாளர் அகுஸ்ட் டேனல் 1949இல் எழுதினார். பெரிய மண்டை உள்ளவை செத்துப்போய்ச் சின்னவை மிஞ்சியிருக்கலாமே என்ற சந்தேகம் நெடுநாள் இருந்தது. 2017இல் தெற்கு ஜெர்மனியில் ஆய்வாளர்கள் அதே மூஞ்சூறுகளைப் பிடித்து, எக்ஸ்ரே எடுத்து, விட்டு, பருவம் மாறியபின் மறுபடி பிடித்து எடுத்தார்கள். ஒவ்வொன்றின் மண்டையும் சராசரியாக 15 சதவீதம் சுருங்கியிருந்தது. மூளையும் கூடவே சுருங்குகிறது. அதிகம் தின்கிற உறுப்பு அதுதானே.

வசந்தத்தில் மண்டை மறுபடி வளரும், பழைய அளவை முழுக்க எட்டாது. அந்தக் கோடையில் குட்டி போட்டுவிட்டு, பெரும்பாலும் அடுத்த பனி விழுவதற்கு முன்பே செத்துப்போகும். வாழ்நாளில் அது பார்ப்பது ஒரே ஒரு குளிர்காலம்.