மூன்றாவது துள்ளலில் ஒடியும் முன்சக்கரம்

விமானம் ஓட்டப் பழகுகிறவர்களுக்கு விபத்து அதிகம் நடப்பது தரையிறங்கும்போதுதான். பெரும்பாலும் உயிருக்கு ஆபத்து இருக்காது. முன்சக்கரம் ஒடிந்து, ப்ரொப்பெல்லர் வளைந்து, மூக்கு தரையில் பட்டபடி விமானம் நிற்கும். படத்தைப் பார்த்தால் ஓங்கி இடித்துவிட்டார்கள் என்றுதான் தோன்றும். ஆனால் பல சமயம் முதல் இடியில் ஒன்றுமே ஆகியிருக்காது, அதற்கடுத்த சில நொடிகளில் கை செய்த வேலைதான் சக்கரத்தை ஒடிக்கிறது.

செஸ்னா 172-ஐ எடுத்துக்கொள்வோம். 1955-ல் முதன்முதலாகப் பறந்து, இதுவரை 44,000-க்கும் மேல் தயாரான விமானம், பயிற்சிப் பள்ளிகளில் சர்வசாதாரணம். இறக்கையின் பின்விளிம்பில் கீழே மடங்கும் தகடான ஃப்ளாப்பை முழுக்க இறக்கி ஓடுதளத்தை நெருங்கும்போது வேகம் 60-லிருந்து 70 நாட்டுக்குள் (knot, ஒரு நாட் என்பது மணிக்குச் சுமார் 1.85 கிலோமீட்டர்) இருக்க வேண்டும். மாணவர் 75-ல் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து நாட்தானே என்று விட முடியாது, ஏனென்றால் தூக்குவிசை வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. 65-க்குப் பதில் 75 என்றால் அதே கோணத்தில் இறக்கை மூன்றில் ஒரு பங்கு அதிகமாகத் தூக்கும். போதாக்குறைக்கு, தரைக்கு மிக அருகில் வந்ததும் இறக்கையின் இழுவை குறைந்துவிடுவதால் விமானம் இறங்காமல் மிதந்துகொண்டே போகும். ஓடுதளம் தீர்ந்துகொண்டிருக்கிறது. பொறுக்க முடியாமல் மாணவர் யோக்கை, அதாவது மூக்கை ஏற்றி இறக்கும் கைப்பிடியை, முன்னால் தள்ளி அழுத்தி இறக்கப் பார்க்கிறார்.

முறைப்படி இறங்கினால் இறக்கைக்குக் கீழே இருக்கும் இரண்டு சக்கரங்கள்தான் முதலில் தரை தொடும். அவை எடைமையத்துக்குப் பின்னால் இருப்பதால், தரை தட்டியதும் மூக்கு தானாகத் தாழும், இறக்கையின் கோணம் குறையும், தூக்கலும் குறையும். முன்சக்கரம் முந்திக்கொண்டால் எல்லாம் தலைகீழ். அந்த அடி மூக்கை மேலே எகிற வைக்கும், கோணம் கூடும், வேகம்தான் மிச்சம் இருக்கிறதே, விமானம் மறுபடி காற்றில். முன்கண்ணாடியில் ஓடுதளம் மறைந்து வெறும் வானம் தெரியும். அந்தக் கணத்தில் யாருக்கும் கை முன்னால்தான் போகும், அதுதான் வினை. தள்ளியதற்கு விமானம் சற்றுத் தாமதமாகத்தான் பணியும். அதற்குள் வேகம் குறைந்து அது தானாகவே விழத் தொடங்கியிருக்கும். ஊஞ்சலை நேரம் பார்த்துத் தள்ளினால் வீச்சு கூடுவது மாதிரி, ஒவ்வொரு திருத்தமும் அடுத்த அடியைப் பலமாக்குகிறது. இரண்டாவது, மூன்றாவது துள்ளலில் முன்கால் மடங்கிவிடும்.

கணக்கைப் பாருங்கள். இந்த ரகச் சின்ன விமானங்களின் சக்கர அமைப்பு நொடிக்கு 2-லிருந்து 3 மீட்டர் வேகத்தில் இறங்கும் அடியைத் தாங்கும்படி வடிவமைக்கப்படுகிறது. ஒரே ஒரு மீட்டர் உயரத்தில் தூக்கலை முழுக்க இழந்து விழுந்தால் தரை தட்டும் வேகம் நொடிக்கு 4.4 மீட்டர்! முழுக்க இழக்காவிட்டாலும், அடி மொத்தமும் முன்காலில் இறங்கினால் தாங்காது. பக்கச் சக்கரங்களின் எஃகுக் கால்கள் விரிந்து கொடுக்கும். முன்காலோ எஞ்சினுக்குப் பின்னாலுள்ள ஃபயர்வால் தகட்டோடு பிணைந்தது, அடி மிஞ்சினால் அந்தத் தகடே கசங்கிவிடும். ப்ரொப்பெல்லர் தரையை வெட்டிக்கொண்டு போன கோடுகள் ஓடுதளத்தில் வரிசையாகக் கிடக்கும். எஞ்சின் சுழற்சி தெரிந்தால், கோடுகளின் இடைவெளியை வைத்தே அப்போதைய வேகத்தைக் கணக்கிட்டுவிடலாம். எஞ்சின் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே ப்ரொப்பெல்லரைச் சுழற்றும் தண்டான கிராங்க்ஷாஃப்ட் அடி வாங்கியிருக்கலாம் என்பதால் அதைப் பிரித்துப் பார்த்தே ஆக வேண்டும்.

சரி, துள்ளிவிட்டது, என்ன செய்வது? சின்னத் துள்ளல் என்றால் மூக்கை இறங்கும் நிலையிலேயே பிடித்து, தேவைப்பட்டால் கொஞ்சம் பவர் கொடுத்து, மெதுவாக இறங்க விடலாம். பெரிய துள்ளல் என்றால் கோ அரவுண்ட், அதாவது இறங்குவதைக் கைவிட்டு மறுபடி மேலே ஏறிவிடுவது, மறு யோசனையே வேண்டாம். அதைத் தோல்வியாக நினைக்கும் மனநிலையைப் பயிற்றுநர்கள் முதல் வாரத்திலேயே உடைக்க வேண்டும் என்பேன், ஏனென்றால் சோலோ போகும்போது பக்கத்து சீட்டில் யாரும் இருக்கமாட்டார்கள். கோ அரவுண்டும் லேசுப்பட்டதல்ல. எஞ்சின் சக்தியைக் கூட்டும் த்ராட்டிலை முழுக்கத் திறந்ததும் மூக்கு மேலேயும் இடப்பக்கமும் இழுக்கும், வலது கால் ரடரை (மூக்கை இடம் வலமாகத் திருப்பும் வால் தகட்டின் மிதியை) அழுத்தியே இருக்க வேண்டும். ஃப்ளாப்பை ஒரேயடியாக மடக்கினால் விமானம் தொப்பென்று விழும். முதலில் 20 டிகிரிக்கு, 60 நாட்டில் ஏறத் தொடங்கிய பிறகு மிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக.